நெருப்பைக் கொண்டுபோனவர்கள், அணைத்துவிட்டு வந்தவர்கள்: ஊவா மலைகளின் தீக் கதை



ஆகஸ்ட் விடுமுறை நெருங்குகிறது. நாரங்கல ஏறப் போகிறோம், மடுல்சீமைப் பக்கம் கூடாரம் போடப் போகிறோம் என்று நம் பிள்ளைகள் இப்போதே திட்டம் போடத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் பழைய மாணவர்கள் சிலர் எங்களிடம் ஒரு பட்டியல் கேட்டார்கள். "சேர், மலையில நெருப்பு மூட்ட என்னென்ன கொண்டுபோகணும்? ஒரு சின்ன டின்னுக்குள்ள அடங்கணும்."

பட்டியலைக் கடைசியில் தருகிறோம். ஆனால் வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் பட்டியல் கேட்டால் வரலாறும் சேர்ந்துதான் வரும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன், பயிற்சிக் கல்லூரி முடித்து வேலைக்கு வந்த புதிதில், நாங்கள் நான்கு ஆசிரியர்களும் தரம் 10, 11 பிள்ளைகளும் பசறைப் பக்கத்து மலை ஒன்றில் பகலுணவு சமைக்கப் போனோம். ஆகஸ்ட் மாதம். காய்ந்த மானாப் புல் நிறைந்த சரிவு. மூன்று கல்லை வைத்தோம், எங்களில் ஒருவர் மண்ணெண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். நெருப்பு ஒரே குச்சியில் பிடித்தது. எங்களுக்குப் பெருமை. சோறு பாதி வேகும்போது காற்று திரும்பியது. ஒரு தணல் பறந்து புல்லில் விழுந்ததை நாங்கள் எவரும் காணவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது எங்களுக்குக் கீழே சரிவு எரிந்துகொண்டிருந்தது.

எங்களிடம் இருந்த தண்ணீர் ஒன்றரை லீற்றர் போத்தல்கள் இரண்டு. ஷேர்ட்டைக் கழற்றி அடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. கீழே லயத்தில் இருந்து புகையைக் கண்ட ஆட்கள் ஓடி வந்தார்கள். பச்சைக் கொப்புகளை முறித்து வரிசையாக நின்று, காற்று போகும் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டு ஓரங்களிலிருந்தும் அடித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். அரை மணி நேரத்தில் அணைந்தது. ஒரு பிள்ளைக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அவர்களோடு வந்த வயதான அம்மா ஒருவர் எங்களைத் திட்டவில்லை. "நெருப்ப மேல கொண்டாந்தீங்களே சேர், அதத் திருப்பி எப்பிடி அனுப்புறதுன்னு யோசிச்சீங்களா? எங்க பீலிக்குத் தண்ணி இந்த மலைலருந்துதான் வருது" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. இந்தப் பதிவு அந்தப் பதிலைத் தேடியதுதான்.

கல்லும் கோலும்

ஊவாவில் மனிதன் மிகப் பழைய காலத்திலிருந்து வாழ்ந்திருக்கிறான். பண்டாரவளை மேட்டில் குவார்ட்ஸ் எனும் வெண்பளிங்குக் கல்லில் செய்த சின்னஞ்சிறு கருவிகள் நூறு வருடங்களுக்கு முன்பே கண்டெடுக்கப்பட்டன. 1907இல் சுவிஸ் நாட்டு ஆய்வாளர்களான சரசின் உறவினர் இருவரும் நில்கல குகையில் இதே வகைக் கருவிகளைக் கண்டார்கள். அந்தக் காலத்து மனிதன் குகையில் அடுப்பு வைத்துச் சுட்டுத் தின்றவன்.

அவன் வழியில் வந்தவர்களாகக் கருதப்படும் வேடுவர்கள் இன்றும் நம் பதுளை மாவட்டத்திலேயே, மஹியங்கனைக்கு அப்பால் தம்பானையில் இருக்கிறார்கள். இரண்டு முறையில் நெருப்பு உண்டாக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. ஒன்று, காய்ந்த கட்டையில் குழி செய்து அதில் ஒரு கோலை நிறுத்தி இரு உள்ளங்கைகளாலும் கடைவது. மற்றது, கல்லில் இரும்பை உரசிப் பொறி எடுப்பது. தம்பானைக்குச் சுற்றுலா போனவர்கள் இதைச் செய்துகாட்டக் கண்டிருப்பீர்கள்.

கோலைக் கடையும் முறை தமிழுக்கும் புதிதல்ல. சங்க இலக்கியத்தில் ஆடு மாடு மேய்க்கிறவர்கள் கையில் இருக்கும் அந்தக் கோலுக்கு ஞெலிகோல் என்று பெயர். தீக்கடைகோல் என்றும் சொல்வார்கள். அரபு நாட்டு நாடோடிகளும் மர்க், அஃபார் என்ற இரு மரக் கொப்புகளை உரசி நெருப்பெடுத்தார்கள். சூரா யாஸீனின் 80ஆம் வசனத்தை விளக்கும் தஃப்ஸீர்களில் இந்த இரண்டு மரங்களின் பெயரும் வருவதை மௌலவிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

கல்லும் இரும்பும் பற்றி ஒரு விஞ்ஞான விடயம். பொறி கல்லிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. கடினமான கல்லின் கூர் விளிம்பு இரும்பிலிருந்து மயிரிழை போன்ற துகளைச் சீவி எடுக்கிறது. அந்த இரும்புத் துகள்தான் காற்றில் எரிந்து பொறியாகிறது. பொறி ஒரு கணம்தான் உயிரோடிருக்கும். அதை ஏந்திக்கொள்ள மெல்லிய, காய்ந்த பஞ்சு வேண்டும். நம் மலைகளில் அதற்கு இலவம் பஞ்சு இருந்தது. கித்துள் மரத்தின் ஓலை அடியில் படியும் பஞ்சு போன்ற பொருளும் நெருப்பேந்தப் பயன்பட்டது. கித்துள் கருப்பட்டி தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தவளக்காரர்களும் சக்கிமுக்கியும்

நம் சமூகத்துக்கு இந்தக் கதையில் இரண்டு பங்கு உண்டு. முதலாவது ஒரு சொல். சக்கிமுக்கிக் கல் என்கிறோமே, அது நல்ல தமிழ்ச் சொல் போலவே இருக்கிறது. ஆனால் சக்மக் என்ற உருதுச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது அது. அதன் வேர் துருக்கி மொழியில் இருக்கிறது. துருக்கியில் இன்றும் லைட்டருக்குச் சக்மக் என்றுதான் பெயர். குதிரையிலும் ஒட்டகத்திலும் போன பயணிகள் இடுப்பில் கட்டியிருந்த ஒரு பொருள், பெயரோடு சேர்ந்து நம் ஊர்வரை நடந்து வந்திருக்கிறது.

இரண்டாவது, தவளம். கண்டி இராச்சியத்தில் மாட்டு வண்டி ஏறாத மலைப்பாதைகளில் பொதிமாடுகளில் சரக்கு ஏற்றிப் போனவர்களில் முஸ்லிம்கள் பெருந்தொகை. மடிகே என்ற அரச பகுதியின் கீழ் அவர்கள் இருந்தார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. மலையிலிருந்து பாக்கும் மற்றப் பொருட்களும் இறங்கின. வெல்லஸ்ஸ வழியாக ஊவாவுக்கு வரும் காட்டுப் பாதையில் இரவு தங்கும்போது மாடுகளைச் சுற்றி நெருப்புக் காவல் வேண்டும். சிறுத்தையும் யானையும் திரிந்த காடு அது. நெருப்பில்லாத இரவு மாடு போகும் இரவு. நம் முன்னோர் பலருக்கு நெருப்பு மூட்டும் சாமான் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

சூரா அல்வாகிஆவின் 71 முதல் 73 வரையான வசனங்கள் நெருப்பை ஒரு நினைவூட்டலாகவும் பயணிகளுக்குப் பயன்தரும் பொருளாகவும் பேசுவதை ஓதும்போது எங்களுக்கு அந்தத் தவளக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நினைவூட்டல், பயன்பாடு, இரண்டும் ஒரே இடத்தில் சொல்லப்படுகின்றன.

மலையை எரித்தவர்கள்

இந்தப் போக்குவரத்துப் பதவியிலிருந்துதான் 1817இன் பெரும் தீயும் கிளம்பியது. ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்கார் என்பவரை முஹந்திரமாக நியமித்தார்கள். அது பழைய சிங்களத் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்தது. கிளர்ச்சி வெடித்தது. அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அதை விசாரிக்கப் பதுளையிலிருந்து போன உதவி வதிவிட அதிகாரி டக்ளஸ் வில்சனும் அந்த செப்டெம்பரில் கொல்லப்பட்டார். 1818இல் கிளர்ச்சியை அடக்கியபோது ஊவா, வெல்லஸ்ஸ கிராமங்களின் வீடுகளும் தானியமும் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. நெருப்பு மூட்டும் சாமான் அப்போது படைகளின் கையில் இருந்தது.

அதன் பின் வந்தது காப்பி. 1840களிலிருந்து மலைக்காடுகளை மொத்தமாக வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, தீ வைத்து, சாம்பல் ஆறியதும் காப்பிக் கன்று நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேதன்னையை லிப்டன் 1890இல் வாங்கினார். இன்று பச்சைக் கம்பளம் என்று படம் பிடிக்கிற மலைகளில் பல, ஒரு காலத்தில் கரியாகக் கிடந்தவை. அந்தக் கரியில் நட்டவர்கள் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள்.

சேனைக்காரர்களையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். காட்டை எரித்தவர்கள் என்று பழி சுமந்தவர்கள் அவர்கள். ஆனால் அனுபவமுள்ள சேனைக்காரர் எல்லையைச் சுற்றிச் செத்தையைக் கூட்டி வழித்துவிட்டு, காற்றுப் பார்த்து, ஆள் நிறுத்தித்தான் தீ வைப்பார். தன் சேனைக்குப் பக்கத்தில் இன்னொருவர் சேனை இருப்பது அவருக்குத் தெரியும்.

ஒரு குச்சியில் வந்த மாற்றம்

1826இல் இங்கிலாந்தின் ஸ்டொக்டன் ஊர் மருந்துக் கடைக்காரர் ஜோன் வோக்கர், உரசினால் பற்றும் குச்சியைக் கண்டுபிடித்து அடுத்த வருடம் விற்கத் தொடங்கினார். பிறகு வெள்ளைப் பொஸ்பரஸ் சேர்த்த குச்சிகள் வந்தன. அவை எங்கு உரசினாலும் பற்றின. ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் தாடை எலும்பை அந்த நஞ்சு அரித்தது. 1888இல் லண்டனில் நெருப்புக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய பாடம். 1906இல் பேர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பொஸ்பரஸ் குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் செய்தன.

அதற்கு முன்பே மாற்று வழி இருந்தது. ஸ்வீடனில் குஸ்தாவ் பாஷ் 1844இல் ஒரு யோசனைக்கு உரிமை பெற்றார். பற்றும் மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குச்சியின் தலையிலும், நஞ்சில்லாத சிவப்புப் பொஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்தார். லுன்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் யொன்ஷோப்பிங் நகரில் அதைப் பெருந்தொகையாகச் செய்தார்கள். இன்று உங்கள் குசினியில் இருப்பது அதே முறைதான். ஸ்வீடன் நெருப்புப்பெட்டிகள் கீழைநாட்டுச் சந்தைகளுக்கும் வந்தன. 1920களில் சிவகாசியும் இந்தத் தொழிலில் இறங்கியது. 1903இல் ஒஸ்திரிய விஞ்ஞானி வெல்ஸ்பாக் உருவாக்கிய உலோகக் கலவைதான் நம் லைட்டருக்குள் இருக்கும் சின்னக் "கல்". அதுவும் கல்லே அல்ல. பழைய சக்கிமுக்கியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

இந்தக் கண்டுபிடிப்புகளால் நெருப்பு மலிவானது. அரை மணி நேரம் கோல் கடைந்து, பஞ்சில் பொறி ஏந்தி, ஊதி ஊதி உண்டாக்கிய நெருப்பை ஒருவன் விட்டுவிட்டுப் போகமாட்டான். அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நொடியில் பற்றவைத்ததை ஒரு நொடியில் மறந்துவிடுகிறோம். பசறை மலையில் எங்களுக்கு நடந்தது அதுதான்.

லயத்து அடுப்பு

நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. அது தோட்டத்து லயங்களில் இருந்தது, இன்னும் இருக்கிறது. இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, விடியற்காலையில் கிளறி, ஊதாங்குழலால் ஊதிப் பற்றவைப்பார்கள். ஒரு வீட்டில் அணைந்துவிட்டால் அடுத்த காம்பராவில் ஒரு சிரட்டையில் தணல் வாங்கி வருவார்கள். நெருப்புப்பெட்டி ஈரமாகாமல் அடுப்புக்கு மேல் பரணில் இருக்கும். பத்தடி, பன்னிரண்டு அடி அறைகள் ஒரே கூரையின் கீழ் தொடராக இருக்கும் லயத்தில், ஒருவர் கவனமின்றி விட்ட நெருப்பு அத்தனை குடும்பத்தையும் நடுரோட்டில் நிறுத்திவிடும். லயம் எரிந்த செய்தியை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்.

2022இல் கேஸும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் டவுனில் நாம் எல்லாரும் திண்டாடினோமே, நினைவிருக்கிறதா? எங்களில் ஒருவர் வீட்டு முற்றத்தில் ஈர விறகோடு ஒரு கொப்பிக் கடதாசி முழுவதையும் எரித்து முடித்தார். அடுப்புப் பற்றவில்லை. மறுநாள் வகுப்பில் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னபோது தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சேர், கவ்வாத்து மிளாரு காஞ்சது இருந்தா கடதாசியே வேணாம். சின்னதக் கீழ, பெருசு மேல, நடுவுல காத்துக்கு வழி விடுங்க" என்றாள். அடுத்த நாள் ஒரு கட்டு மிளாரும் கொண்டுவந்து தந்தாள். பாடப் புத்தகத்தில் எரிதலுக்கு மூன்று தேவை என்று நாம் படிப்பிக்கிறோம்: எரிபொருள், ஒட்சிசன், வெப்பம். நடுவில் காற்றுக்கு வழி விடச் சொன்னவள் அதைக் கையால் படித்திருந்தாள். அன்று எங்களில் யார் ஆசிரியர் என்று எங்களுக்கே சந்தேகம்.

ஏன் ஆகஸ்டில்?

ஊவாவின் வறட்சிக்கு ஒரு காரணம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலையின் அந்தப் பக்கம், ஹட்டன், நுவரெலியா பக்கமாகக் கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த, சூடான காற்றாகிறது. கச்சான் காற்று என்பது அதைத்தான். வெலிமடையிலிருந்து பண்டாரவளை, எல்ல வரை பத்தனைப் புல்வெளிகள் அந்த மாதங்களில் வைக்கோலாகிவிடும். புதுப் புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காரர்கள் நெடுங்காலமாக அவற்றை எரித்து வந்திருக்கிறார்கள். அடிக்கடி எரிந்ததால் தடித்த பட்டையுள்ள நெல்லி, கடுக்காய், தான்றி போன்ற மரங்கள் மட்டும் அங்கங்கே தப்பி நிற்கின்றன. பின்னாளில் நட்ட பைனஸ் தோப்புகளின் ஊசியிலைப் படுக்கையும் பிசினும் தீக்கு எண்ணெய் வார்த்தது போல.

எரிந்த சரிவில் புல் திரும்ப வரும். ஆனால் அதற்குள் ஒக்டோபர் மழை வந்துவிடும். மூட ஒன்றுமில்லாத மண்ணை அது கழுவிக்கொண்டு போகும். ஊற்றுக்கண்கள் தூர்ந்துபோகும், பீலியில் சேற்றுத் தண்ணீர் வரும். அந்த அம்மா சொன்னது இதைத்தான். மேலே ஒரு நாள் தேநீருக்கு நாம் மூட்டும் நெருப்பின் விலையைக் கீழே குடத்தோடு நிற்கிறவர்கள் கொடுக்கிறார்கள்.

கேட்ட பட்டியல்

இனிப் பிள்ளைகள் கேட்டது. டின்னுக்குள் வைக்க வேண்டியவை:

1. நெருப்புப்பெட்டி ஒன்று. குச்சிகளையும் உரசும் பக்கத்தையும் வெட்டி, மூடி இறுகும் மருந்துப் போத்தலுக்குள் போடுங்கள். சாதாரணப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்தால் மூடுபனியிலேயே நமுத்துவிடும்.
2. லைட்டர் ஒன்று. குளிரில் பற்ற மறுத்தால் கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு அடியுங்கள்.
3. வாசலின் நன்றாகப் பிசைந்த பஞ்சு உருண்டைகள் பத்து. பிய்த்துப் பற்றவைத்தால் சில நிமிடம் நின்று எரியும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.
4. மெழுகுதிரித் துண்டு ஒன்று. நெருப்புக்குச்சிகளை வீணாக்காமல் இருக்க.
5. பெருவிரல் தடிப்பில் காய்ந்த மிளார் ஒரு பிடி. மலையில் கொப்பு முறிக்கத் தேவையில்லை.

இது பாதிதான். மற்றப் பாதி டின்னுக்குள் அடங்காது. ஆனால் அதில்லாமல் டின்னையும் கொண்டுபோக வேண்டாம்:

1. நெருப்புக்கென்றே தனியாக ஐந்து லீற்றர் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் இதில் சேராது.
2. சின்ன மண்வெட்டி ஒன்று. அடுப்பைச் சுற்றி மூன்றடிக்காவது புல்லைச் செதுக்கி வெறும் மண் தெரிய வேண்டும்.
3. ஒரு ஆள். நெருப்பு எரியும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை. செல்பியும் இல்லை.
4. அணைக்கும் முறை: தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், சாம்பலுக்கு மேல் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள். தணல் மண்ணுக்குள் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். லயத்தில் சாம்பல் மூடி நெருப்பைக் காப்பாற்றியது அப்படித்தான்.
5. கச்சான் வீசும் நாளில், பத்தனைப் புல்லில், பைனஸ் தோப்பில் நெருப்பே வேண்டாம். சோற்றுப் பார்சலும் பிளாஸ்க்கில் தேநீரும் கொண்டுபோங்கள். ஒதுக்கக் காடுகளில் தீ மூட்டுவது 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றமும் கூட.

தீ கைமீறினால் வீரம் காட்டாமல், எரியும் சரிவுக்கு மேலே ஓடாமல், பக்கவாட்டில் விலகுங்கள். தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள், கீழே உள்ள தோட்டத்துக்கும் குரல் கொடுங்கள்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்தபோது, தூங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபிகளார் (ஸல்) அறிவுறுத்திய ஹதீஸை நாம் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். மலையில் கூடாரம் போடும் பிள்ளைகளுக்கும் அதுதான் முதல் பாடம்.

அந்தப் பசறை மலைக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு நாங்கள் மறுபடி போனோம். புல் வந்திருந்தது. கீழே லயத்துக்குப் போய் அந்த அம்மாவைத் தேடினோம். மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். பீலியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

உங்கள் வீட்டில் உம்மும்மா, அப்பா யாராவது தவளக் காலத்துக் கதையோ, தணல் வாங்கப் போன கதையோ சொன்னால் எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கச் சேர்த்து வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ். விடுமுறைக்கு மலை ஏறும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதைப் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.